ஈர விறகுக்கு ஒரு சட்டம்

2021ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி இங்கிலாந்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் எரிப்பதற்கெனச் சிறு அளவில் விற்கப்படும் விறகில், அதன் மொத்த நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். கொரோனாப் பெருந்தொற்றுப் பற்றிய செய்திகளே பத்திரிகைகளின் முதற்பக்கங்களை நிறைத்திருந்த காலம் அது. எனவே இச்செய்தி பெரிதும் கவனிக்கப்படாமல் உட்பக்கங்களில் ஒதுங்கிப்போயிற்று.

லண்டனிலும் அதன் புறநகர்களிலும் வாழும் நம்மவர்கள் அதன் விளைவை நாளாந்தம் கண்டிருப்பார்கள். எரிபொருள் நிரப்பு நிலையங்களின் வாசலில் வலைப்பைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் விறகின்மீது 'ரெடி டு பேர்ன்' என்ற இலச்சினை பொறிக்கப்பட்டிருக்கும். 'எரிப்பதற்குத் தயார்' என்பது அதன் பொருள். அருகில் விற்பனையாளரின் பெயரும் ஒரு சான்றிதழ் இலக்கமும் இருக்கும். விறகுக்குமா சான்றிதழ் என்று நகைத்தவர்கள் உண்டு. விறகு காலைக்குச் சென்று, இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப்பார்த்து, 'கணீர்' என்று ஒலித்தால் காய்ந்தது, 'தொப்' என்று ஒலித்தால் பச்சை என முடிவு செய்து வாங்கிய ஒரு தலைமுறைக்கு இது வேடிக்கையாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் இவ்விடயத்தைச் சற்று ஆராய்ந்து பார்த்தபோது, இதன் பின்னால் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகால வரலாறு ஒன்று நீண்டு கிடப்பதைக் கண்டேன். ஆங்கிலச் சட்டம் விறகை அளப்பது புதிதல்ல. நூற்றாண்டுகளாக அது விறகின் நீளத்தையும் சுற்றளவையும் அளந்து வந்தது. அதனுள் இருக்கும் தண்ணீரை அளக்கத் தொடங்கியதுதான் புதிது. நீளத்தை அளந்தபோது சட்டம் பாதுகாத்தது வாங்குபவனின் பணப்பையை. தண்ணீரை அளக்கும்போது அது பாதுகாக்க முயல்வது அடுத்த வீட்டுக்காரனின் நெஞ்சை. இந்த இடப்பெயர்வுக்கு ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பதே என்னுடைய கேள்வி.

எட்டாம் ஹென்றி மன்னனின் ஆட்சியின் இறுதிப் பகுதியிலும், அவனுடைய மகன் ஆறாம் எட்வர்ட்டின் ஆட்சியில் 1553இலும், முதலாம் எலிசபெத் மகாராணியின் காலத்தில் 1601இலும் எரிபொருளின் அளவு குறித்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. தலைநகர் பெருத்துக்கொண்டிருந்தது, சுற்றுப்புறக் காடுகள் சுருங்கிக்கொண்டிருந்தன, விறகின் விலை ஏறிக்கொண்டிருந்தது. விலை ஏறும்போது வியாபாரி பொருளைக் குறைப்பது எந்த நாட்டிலும் காணும் வழக்கம். முன்பு நான்கு அடி நீளத்தில் வந்த கட்டை, அதே விலைக்கு மூன்றரை அடியாக வரத் தொடங்கிற்று. எனவே சட்டம் தலையிட்டது. பெரிய பிளப்புக் கட்டை நான்கு அடி நீளம் இருக்கவேண்டும். சிறு உருட்டுக் கட்டை மூன்று அடி நான்கு அங்குலம் இருக்கவேண்டும். சுள்ளிக் கட்டாயின் நீளம் மூன்று அடி, கட்டும் கயிற்றின் சுற்றளவு முடிச்சு நீங்கலாக 24 அங்குலம். கட்டைகளின் பருமனுக்கும் இவ்வாறே அங்குலக் கணக்கு வகுக்கப்பட்டிருந்தது.

அளவில் குறைந்த விறகு பறிமுதலாகி ஏழைகளுக்குப் போய்ச்சேரும். குற்றப்பணம் செலுத்த வழியற்ற விற்பனையாளனைச் சந்தை கூடும் நாளில் தொழுமரத்தில் மாட்டி, அவனுடைய உடம்பில் ஒரு விறகுக் கட்டையைக் கட்டி நிறுத்தவும் சட்டத்தில் இடமிருந்தது. என்ன குற்றத்துக்காக நிற்கிறான் என்பதை எழுத்தறியாதவரும் அறிந்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு போலும்.

இத்தனை நுணுக்கமாக வகுக்கப்பட்ட அளவுகளில் ஈரத்துக்கு இடம் தரப்படவில்லை. காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. விறகு அங்கே நீளத்தாலும் சுற்றளவாலும் எண்ணிக்கையாலும் விற்கப்பட்டது. பச்சைக் கட்டையும் காய்ந்த கட்டையும் அளவில் ஏறக்குறைய ஒன்றே. காய்ந்தால் மரம் சிறிது சுருங்குமேயன்றி வேறில்லை. ஆகவே தண்ணீரை வைத்து ஏமாற்ற அங்கே வழியிருக்கவில்லை. வழியற்ற ஏமாற்றுக்குச் சட்டமும் தேவைப்படவில்லை.

நம்முடைய ஊர் வழக்கம் இதற்கு நேர்மாறானது. யாழ்ப்பாணத்து விறகு காலைகளில் விறகு 'அந்தர்' கணக்கில் நிறுத்து விற்கப்பட்டது. அந்தர் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த 112 இறாத்தல். இன்றைய கணக்கில் ஐம்பது கிலோகிராமைவிடச் சற்றே அதிகம். நிறுத்து விற்கும்போது தண்ணீரும் விறகின் விலைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் நம்முடைய பாட்டிமார் மாரி தொடங்குவதற்கு முன்னரே விறகை வாங்கி அடுக்கி, மேலே கிடுகு போட்டு மூடி வைத்தார்கள். பச்சை விறகு கொண்டுவந்த வண்டிற்காரர் அவர்களிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமன்று. 1990களில் பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் யானைவிலை குதிரைவிலை விற்றபோது, கிடைத்த விறகை ஈரமென்றும் பாராமல் வாங்கி, ஊதுகுழலோடு போராடியவர்கள் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கிறார்கள். கொக்காரையும் பன்னாடையும் ஊமலும் வைத்து நெருப்பை மூட்டினாலும், பச்சைக் கட்டை கண்ணைக் கசக்கவைக்குமேயன்றி உலையைக் கொதிக்கவைக்காது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

இனி மீண்டும் இங்கிலாந்துக்குச் செல்வோம். விறகின் விலை ஏறியதால் லண்டன் நகரம் நிலக்கரிக்கு மாறிற்று. நியூகாசில் பகுதியிலிருந்து கப்பலில் வந்ததனால் அதற்குக் 'கடல்நிலக்கரி' என்று பெயர். அதன் புகையைப் பற்றிய முறைப்பாடு பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. சுண்ணாம்புச் சூளைகளில் அதனை எரிப்பதற்கு எதிராக முதலாம் எட்வர்ட் மன்னனின் காலத்தில் விசாரணையும் தடையும் வந்தன. தடையினால் பெரும் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. 1661இல் ஜோன் ஈவ்லின் என்னும் அறிஞர் இரண்டாம் சார்ள்ஸ் மன்னனுக்கு விண்ணப்பமாக 'பியூமிபியூஜியம்' என்ற சிறு நூலை எழுதினார். லண்டனின் புகையை விரட்டும் வழிகளைக் கூறும் நூல் அது. புகை கக்கும் தொழில்களை நகருக்கு வெளியே தள்ளவேண்டும், நறுமணச் செடிகளை நகரைச் சுற்றி நடவேண்டும் என்பன அவருடைய யோசனைகள். மன்னன் மகிழ்ந்தான் என்கிறார்கள். ஆனால் மறுவருடம், 1662இல், அரசாங்கம் கொண்டுவந்தது புகைக்கெதிரான சட்டமன்று, கணப்படுப்பு ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு இரண்டு சிலிங் அறவிடும் அடுப்பு வரியே. அரசாங்கங்களுக்கு அடுப்பின்மேல் உள்ள அக்கறை எப்போதும் இத்தகையதுதான்.

அயலவனின் மூச்சு ஆங்கிலச் சட்டத்துக்கு அறவே தெரியாத விடயம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1610இல் வில்லியம் ஓல்ட்ரெட் என்பவர், அடுத்த வீட்டுக்காரர் கட்டிய பன்றித்தொழுவத்தின் நாற்றம் தம்முடைய வீட்டைக் கெடுக்கிறது என்று வழக்குத் தொடுத்தார். பன்றி வளர்ப்பு மனிதனின் உணவுக்கு அவசியமானது, பன்றியின் நாற்றத்தைக்கூடத் தாங்கமாட்டாத மென்மையான மூக்கு ஒருவருக்கு இருத்தல் கூடாது என்பது எதிர்த்தரப்பு வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தூய காற்றைக் கெடுப்பது வழக்குக்குரிய தீங்கு என்று தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் பயிலும் வழக்கு இது. ஆனால் பன்றித்தொழுவம் ஒன்றுதான், புகைபோக்கிகளோ ஆயிரமாயிரம். எந்த வீட்டுப் புகை தன்னுடைய நெஞ்சுக்குள் போயிற்று என்று யார்மேல் வழக்குப் போடுவது? வழக்காடியவரின் வீட்டிலும் ஒரு புகைபோக்கி இருந்ததே.

அறிவியல் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவெங்கும் சுற்றி, ரம்போர்ட் பிரபு என்று பட்டம் பெற்ற பெஞ்சமின் தொம்சன் என்பவரை இங்கு நினைவுகூர வேண்டும். விசித்திரமான மனிதர். போர்வீரர், அரச ஆலோசகர், விஞ்ஞானி, சமையலறைச் சீர்திருத்தவாதி என்று பல வேடம் பூண்டவர். லண்டனின் ரோயல் இன்ஸ்டிரியூஷனைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1790களில் அவர் புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்கியும் கணப்பின் பக்கச்சுவர்களைச் சாய்த்தும் அமைத்த கணப்படுப்பு, புகையை வீட்டுக்குள் விடாமல் வெப்பத்தை மட்டும் விட்டது. பின்னர் பாரிஸில் வாழ்ந்தபோது, 1812இல், மரத்தின் அமைப்பையும் அதிலுள்ள நீரின் அளவையும் அது எரியும்போது தரும் வெப்பத்தையும் அளந்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். விறகுக்குள் இருக்கும் தண்ணீரை நிறுத்துப் பார்க்கும் கலை, ஆக, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கைவந்துவிட்டது.

அந்தக் கணக்கை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மரத்துக்கு மரம் இது வேறுபடும். ஆஷ் மரத்தில் குறைவு, பொப்லர் போன்றவற்றில் மிக அதிகம். முற்றாகக் காய்ந்த ஒரு கிலோகிராம் மரம் ஏறக்குறைய 5 கிலோவாட் மணி வெப்பத்தைத் தரும். 20 வீதம் தண்ணீர் இருந்தால் அது 4 ஆகக் குறையும். பாதி தண்ணீராக இருந்தால் 2இலும் சற்றே அதிகம், அவ்வளவுதான். இரண்டு காரணங்களால் இந்த இழப்பு நேர்கிறது. மரத்துக்குப் பதிலாகத் தண்ணீர் நிறையை நிரப்புகிறது என்பது ஒன்று. அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பு தன்னுடைய வெப்பத்தில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது என்பது மற்றொன்று.

வெப்பம் குறைவது வாங்கியவரின் நட்டம். புகை கூடுவதுதான் பிறருடைய நட்டம். விறகு சூடேறும்போது அதிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளியேறுகின்றன. நெருப்பு போதிய வெப்பத்தோடு இருந்தால் அவை எரிந்துவிடும். தண்ணீர் நெருப்பைக் குளிர்விக்கும்போது அவை எரியாமலே புகைபோக்கியில் ஏறுகின்றன. அவற்றில் ஒரு பகுதி தாராக மாறிப் புகைபோக்கியின் உட்சுவரில் ஒட்டி, பின்னொருநாள் தீப்பற்றக் காத்திருக்கும். மிகுதி நுண்துகளாக ஊருக்குள் இறங்கும். விட்டம் 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த இத்துகள்கள் நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று, குருதியிலும் கலக்கக்கூடியவை. ஈழுவை உள்ள குழந்தைக்கும் இதயநோயுள்ள முதியவருக்கும் இவை முதலில் தீங்கு செய்கின்றன.

அறிவு இருந்தும் சட்டம் வரவில்லை. சட்டம் வருவதற்குப் பிணங்கள் தேவைப்பட்டன. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி தொடங்கி 9ஆம் திகதி வரை லண்டனைப் பனிப்புகை மூடியது. காற்று அசையவில்லை. குளிர் மிகுந்ததால் வீடுகள் மேலும் மேலும் நிலக்கரியை எரித்தன. அக்காலத்தில் சொல்லப்பட்ட மரண எண்ணிக்கை ஏறக்குறைய 4,000. அரை நூற்றாண்டுக்குப் பின் 2001இல் வெளியான ஆய்வொன்று, தொடர்ந்து வந்த மாதங்களையும் சேர்த்து அதனை 12,000 வரை மதிப்பிட்டது. அரசாங்கம் முதலில் அசட்டையாகவே இருந்தது. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்த ஹரோல்ட் மக்மில்லன், நாம் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது, ஆனால் மும்முரமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம் என்ற கருத்துப்பட ஒரு குறிப்பை அமைச்சரவைக்கு எழுதினார். குழுவொன்றும் நியமிக்கப்பட்டது. அரசாங்கம் நியமிக்கும் குழு உண்மையிலேயே வேலை செய்துவிடுவது எப்போதாவது நடக்கும் அதிசயம். சேர் ஹியூ பீவர் தலைமையிலான அக்குழு அப்படிச் செய்தது. அதன் அறிக்கை 1954இல் வந்தது. ஜெரால்ட் நபாரோ என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்கினார். 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின் சிறப்பு என்னவெனில், முதன்முறையாக அது தொழிற்சாலையோடு நில்லாமல் வீட்டுக் கணப்படுப்பையும் தொட்டது. உள்ளூராட்சி சபைகள் புகைக் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களைப் பிரகடனம் செய்யலாம். அங்கே புகையற்ற எரிபொருளையே எரிக்கவேண்டும். அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. தடையோடு பணமும் சேர்ந்து வந்ததனால் அது வென்றது என்பது என் கருத்து.

ஆனால் 1956இன் எதிரி நிலக்கரி. விறகு அப்போது நகரங்களில் ஏறக்குறைய மறைந்துபோன பொருள். பின்னர் வடகடல் எரிவாயு வந்தது, குழாய்வழி வெப்பமூட்டல் வந்தது, கணப்படுப்புகள் செங்கல்லால் அடைக்கப்பட்டன. இரண்டாயிரமாம் ஆண்டுகளில்தான் விறகு மறுபிறவி எடுத்தது. எண்ணெயும் எரிவாயுவும் விலை ஏறின. மரம் மீண்டும் வளரும், எனவே அது பூமியைச் சூடாக்காது என்ற வாதமும் பரவிற்று. கண்ணாடிக் கதவு பூட்டிய இரும்படுப்பு வசதிபடைத்தோரின் வரவேற்பறைக்கு அழகுப் பொருளாயிற்று. அவ்வடுப்பில் எரிந்த விறகு காய்ந்ததா பச்சையா என்று கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை.

2019 ஜனவரியில் பிரித்தானிய அரசாங்கம் வெளியிட்ட தூய காற்று மூலோபாயம் இந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டியது. நாட்டின் நுண்துகள் வெளியேற்றத்தில் 38 வீதம் வீடுகளில் எரியும் விறகிலும் நிலக்கரியிலும் இருந்து வருகிறது என்று அது கூறியது. பத்திரிகைகள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. வீதியில் ஓடும் வாகனங்களைவிட வீட்டு அடுப்பு மூன்று மடங்கு மோசம் என்று தலைப்பிட்டன. 2022இல், மக்கள் உண்மையில் எவ்வளவு விறகு எரிக்கிறார்கள் என்று புதிதாக நடத்திய ஆய்வின் அடிப்படையில் அரசாங்கமே கணக்கைத் திருத்தியது. 2020ஆம் ஆண்டுக்கு வீட்டு விறகின் பங்கு 17 வீதம் என்றாயிற்று. அடுப்பு விற்பவர்கள் இதனைப் பெரும் வெற்றியாகக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் மிகை என்றே நினைக்கிறேன். 17 வீதமும் வாகனப் புகையோடு ஒப்பிடத்தக்க பெரும் பங்குதான். ஆனால் நாற்பது ஆண்டுகள் எண்களை நம்பித் தலைப்பு எழுதும் தொழிலைப் பார்த்துவிட்ட எனக்கு ஒன்று தோன்றுகிறது. எத்தனை கட்டை எரிகிறது என்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே வீதம் அச்சேறிவிட்டது.

சட்டத்தின் விதிகளுக்கு வருவோம். இரண்டு கன மீற்றருக்குக் குறைவாக விற்கப்படும் விறகு எதுவும் 20 வீத ஈரத்தைத் தாண்டக்கூடாது. விற்பவர் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். இலச்சினையும் இலக்கமும் பையில் இருக்கவேண்டும். வருடத்துக்கு 600 கன மீற்றருக்குக் குறைவாக விற்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கு 2022 மே 1 வரை ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. பையில் அடைத்த வீட்டு நிலக்கரியின் விற்பனை 2021லும், உதிரியாக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் நிலக்கரியின் விற்பனை 2023லும் முடிவுக்கு வந்தன. மீறுவோருக்கு உள்ளூராட்சி சபை 300 பவுண் தண்டம் விதிக்கலாம். இவை இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை. ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் இச்சட்டத்துக்குள் அடங்கா.

விறகுக்குச் சான்றளிக்கும் பொறுப்பு அரச அலுவலகம் ஒன்றிடம் கொடுக்கப்படவில்லை. இலாபநோக்கமற்ற அமைப்பான வூட்ஷுவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. சட்டம் வருமுன்னரே விரும்பியோர் சேரும் திட்டமாக அது இதே இலச்சினையை நடத்தி வந்தது. விரும்பினால் சேரலாம் என்றிருந்தது, சேராவிட்டால் விற்க முடியாது என்றாயிற்று.

ஈரத்தை அளப்பது எப்படி? துல்லியமான வழி மிகப் பழையது. மரத்தை நிறுத்து, 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நிறை மேலும் குறையாத வரை உலர்த்தி, மீண்டும் நிறுப்பது. குறைந்த நிறை முழுவதும் தண்ணீர். ரம்போர்ட் பிரபு இன்று வந்தாலும் இதனைப் பார்த்து வியக்கமாட்டார். விறகு விற்பவரும் வீட்டுக்காரரும் கையில் வைத்திருப்பதோ இரண்டு ஊசிகள் பொருத்திய சிறு மின்மானி. ஈர மரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும், காய்ந்த மரத்தில் பாயாது. அந்த வேறுபாட்டை அது எண்ணாகக் காட்டும். கட்டையின் வெளிப்பக்கம் முதலில் காய்ந்துவிடுவதனால் அங்கே குத்திப் பார்ப்பது வீண். கட்டையைப் புதிதாகப் பிளந்து, உட்பக்கத்தில் குத்தவேண்டும்.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. நூறு கிலோகிராம் விறகில் இருபது கிலோகிராம் தண்ணீர் என்றால், மொத்த நிறைக்கு அது 20 வீதம். ஆனால் மிகுதி எண்பது கிலோகிராம் உலர்ந்த மரத்தோடு ஒப்பிட்டால் அதே தண்ணீர் 25 வீதம். விறகுச் சான்றிதழ் முதற் கணக்கைப் பின்பற்றுகிறது. தச்சுத் தொழிலுக்கென உருவான மின்மானிகளோ பெரும்பாலும் இரண்டாவது கணக்கைக் காட்டும். மின்மானி 25 காட்டும் விறகு சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்குபவரும் விற்பவரும் சண்டையிட வாய்ப்புண்டு. ஆறாம் எட்வர்ட்டின் சட்டத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. கயிற்றைச் சுற்றி அளந்தால் 24 அங்குலம் எல்லோருக்கும் 24 அங்குலந்தான்.

சட்டத்தை எதிர்த்தவர்கள் எல்லோரும் புகையின் நண்பர்கள் அல்லர். கிராமத்தில் தம்முடைய தோப்பில் விழுந்த மரத்தை வெட்டி, ஒன்றிரண்டு ஆண்டுகள் கொட்டகையில் காற்றாட அடுக்கி, பின் அயலூருக்கு விற்கும் சிறு வியாபாரி நூற்றாண்டுகளாக நல்ல விறகு கொடுத்தவர். அவரும் இப்போது கட்டணம் செலுத்தி, பரிசோதனைக்கு மாதிரி அனுப்பி, பதிவேடு வைக்கவேண்டும். பெரிய நிறுவனத்துக்கு அந்தச் செலவு பையொன்றுக்குச் சில பென்ஸ். சிறியவருக்கு அது வருடத்தின் ஆதாயத்தில் ஒரு துண்டு. காற்றில் உலர்த்த ஆண்டுகள் தேவை, சூளையில் உலர்த்த நாட்களே போதும். எனவே சூளையில் உலர்ந்த விறகு சந்தையை நிறைத்தது. அதில் கணிசமான பங்கு லத்வியா, லித்துவேனியா முதலிய பால்டிக் நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அன்று நியூகாசில் நிலக்கரி கடல்வழி வந்தது, இன்று விறகே கடல் கடந்து வருகிறது. இந்த விறகை உலர்த்தும் சூளையிலும் பெரும்பாலும் எரிவது மரந்தான்.

எனக்கு மிகவும் உறுத்துவது இரண்டு கன மீற்றர் என்ற எல்லைக்கோடு. அதற்கு மேல் வாங்குபவருக்குப் பச்சை விறகையே விற்கலாம். எப்படி உலர்த்துவது, எங்கே அடுக்குவது, எரிக்குமுன் ஈரத்தை எப்படிப் பார்ப்பது என்று விளக்கும் அறிவித்தல் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். அரசாங்கத்தின் நியாயம் இது: அவ்வளவு விறகு வாங்குபவருக்கு அதனை வைத்து உலர்த்த இடமும் பொறுமையும் இருக்கும், பெற்றோல் நிலையத்தில் ஒரு பை வாங்குபவரோ அன்றிரவே எரிப்பார். நியாயத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் விளைவைப் பாருங்கள். கொட்டகையும் முன்பணமும் உள்ளவர் பச்சை விறகை மலிவாக வாங்கி, உலர்த்தி, ஆதாயம் பெறுகிறார். உலர்த்துகிறாரா என்று எவரும் வந்து பார்ப்பதில்லை. ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ தொடர்வீடு ஒன்றில் வாழ்பவர் சான்றிதழ் பெற்ற பையை, கிலோகிராமுக்குக் கூடிய விலைகொடுத்து, ஒவ்வொன்றாக வாங்குகிறார். 1956இன் சட்டம் அடுப்பை மாற்றப் பணம் கொடுத்தது. 2021இன் சட்டம் ஒரு பென்ஸும் கொடுக்கவில்லை.

2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்ததையடுத்து எரிவாயுக் கட்டணம் வானத்தைத் தொட்டபோது இது வெளிப்படையாயிற்று. ஐரோப்பா முழுவதிலும் விறகுக்குத் தட்டுப்பாடும் விலையேற்றமும் உண்டாயின. அதே ஆண்டில் இலங்கையில் சமையல் எரிவாயுவுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று களைத்த கொழும்பு மாடிவீட்டுக்காரர்களும் விறகடுப்பு தேடினார்கள். குளிருக்கோ பசிக்கோ அடுப்பு மூட்டவேண்டிய நிலை வந்தபின் ஈரத்தைப் பற்றி யோசிப்பவர் குறைவு.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். 'எரிப்பதற்குத் தயார்' என்ற சொற்றொடர் 'தீங்கற்றது' என்று பலருடைய காதில் விழுகிறது. காய்ந்த விறகும் நுண்துகளைக் கக்குகிறது. ஈர விறகைவிடக் குறைவு என்பதே சான்றிதழின் உரிமைக்கோரல். மிக நன்றாக உலர்ந்த ஓக் கட்டையைத் திறந்த கணப்பில் எரித்தாலும், வீட்டை வெப்பமூட்டும் எரிவாயுக் கொதிகலனைவிடப் பன்மடங்கு நுண்துகள் வெளியேறும். உலக சுகாதார நிறுவனம் 2005இல், வருடச் சராசரியாகக் கன மீற்றர் காற்றுக்கு 10 மைக்ரோகிராம் நுண்துகள் என்று வைத்திருந்த வழிகாட்டு எல்லையை 2021 செப்டெம்பரில் 5 ஆகக் குறைத்தது. விறகுச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஐந்து மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

பையின்மீதுள்ள இலச்சினை விற்கும் நேரத்து ஈரத்துக்கே பொறுப்பு. வாங்கியவர் அதனை வீட்டின் பின்புறத்தில் மழையில் நனையவிட்டால் விறகு மீண்டும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பையில் 20 வீதத்துக்குக் குறைவு என்று இருக்கும், கட்டையில் 30 இருக்கும். அதனைத் தடுக்கும் விதி எதுவும் அச்சட்டத்தில் இல்லை. கிடுகு வைத்து மூடவேண்டியது வீட்டுக்காரரின் வேலை.